கன்டெய்னர் எங்கே தேடியது?

பல மாட்யூல்களாகப் பிரித்து எழுதிய ஜாவா பயன்பாடு தொடங்கும்போதே விழுந்தால், லாக் கோப்பின் கடைசியில் பெரும்பாலும் ஒரே பொருளுள்ள ஒரு வரி நிற்கும். தகுதியுள்ள பீன் எதுவும் இல்லை என்னும் ஸ்பிரிங். நிறைவேறாத சார்பு என்று 001408 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லும் சிடிஐ உலகின் வெல்டு. செயலாக்கம் எதுவும் பிணைக்கப்படவில்லை என்று முடித்துக்கொள்ளும் கூகுளின் ஜூஸ். படிப்பவருக்கு அந்த கிளாஸே இல்லை, அல்லது அதன் தலையில் அனோட்டேஷன் ஒட்ட மறந்துவிட்டோம் என்றுதான் தோன்றும். ஆனால் கிளாஸ் பக்கத்து மாட்யூலில் பத்திரமாக இருக்கிறது, அனோட்டேஷனும் இருக்கிறது, அந்த மாட்யூலின் டெஸ்ட்டுகளும் பச்சையாக ஓடுகின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் ஊரிலேயே இல்லாதவர் ஆகிவிடமாட்டார். கன்டெய்னர் சொன்னது தன் தேடலைப் பற்றி மட்டுமே: பார்த்த இடங்களில் இல்லை. எந்த இடங்களைப் பார்த்தது என்பதை அந்த வரி சொல்வதில்லை, கோளாறு ஒளிந்திருப்பதோ அங்கேதான். மாட்யூல்களுக்கு இடையே வரும் இன்ஜெக்ஷன் கோளாறுகளில் பெரும்பகுதி, எதை எதோடு பொருத்துவது என்பதில் வருவதில்லை. எதுவரை பார்க்கலாம் என்ற எல்லை எங்குமே எழுதப்படாததால் வருகிறது. ஆகவே தேடலை அகலப்படுத்துவது மருந்தாகாது. ஒவ்வொரு மாட்யூலும் தான் தருவதைத் தன் வாசலில் எழுதி வைப்பதும், தொகுப்பவர் தான் தேர்ந்ததைத் தன் வாசலில் எழுதி வைப்பதும்தான் மருந்து.

இந்த எல்லை ஒரு காலத்தில் எழுதப்பட்டுத்தான் இருந்தது. ராட் ஜான்சன் 2002-இல் வெளியிட்ட ஜே2இஇ வடிவமைப்பு நூலின் நிரல்களிலிருந்து வளர்ந்தது ஸ்பிரிங், அதன் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரை 'டிபெண்டன்சி இன்ஜெக்ஷன்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. அன்றைய ஸ்பிரிங்கில் ஒவ்வொரு பீனும் எக்ஸ்எம்எல் கோப்பில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. சலிப்பான வேலை, அந்தக் கோப்புகளைப் பராமரித்தவர்கள் இன்றும் அதை ஏசுவார்கள், ஏசுவதில் நியாயமும் உண்டு. ஆனாலும் கன்டெய்னருக்கு என்ன தெரியும் என்ற ஐயம் வந்தால் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் போதும். 2007 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 2.5, ஆட்டோவயர்டு அனோட்டேஷனையும் கம்போனென்ட் ஸ்கேனையும் கொண்டுவந்தது. 2009-இல் ஜேஎஸ்ஆர் 330, இன்ஜெக்ட் முதலான அனோட்டேஷன்களை எல்லாருக்கும் பொதுவாக்கியது. அதே ஆண்டு ஜேஎஸ்ஆர் 299 வழியாக சிடிஐ, ஜாவா இஇ 6-க்குள் நுழைந்தது. 2007-இலேயே வெளியான ஜூஸ் மட்டும் பிணைப்புகளை ஜாவா நிரலில் வெளிப்படையாக எழுதச் சொன்னது. மற்ற இரண்டிலும் பட்டியலின் இடத்தைத் தேடல் பிடித்துக்கொண்டது. ஒற்றை மாட்யூல் பயன்பாட்டில் இது முழு லாபம், ஏனெனில் தேடும் பரப்பும் நிரல் இருக்கும் பரப்பும் ஒன்றே. மாட்யூல் இரண்டாகும் அன்று, பரப்பு எதுவரை என்ற கேள்வி பிறக்கிறது. யாரும் விடை சொல்லாததால் கருவி தானே ஒன்றை ஊகித்துக்கொள்கிறது.

ஊகத்தில் கலக்கும் எல்லைகள் நான்கு. மேவனோ கிரேடிலோ கட்டும் ஜார் ஒன்று. அந்த ஜாரை நினைவகத்துக்கு ஏற்றும் கிளாஸ்லோடர் இரண்டாவது. ஜாவா 9 கொண்டுவந்த மொழி அளவிலான மாட்யூல் மூன்றாவது. கன்டெய்னர் பீன்களைத் தேடும் வட்டம் நான்காவது. நான்கையும் நாம் மாட்யூல் என்றே பேசுகிறோம், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. பில்டு கோப்பில் சார்பைச் சேர்த்ததால் கன்டெய்னர் அதற்குள் பார்க்கும் என்று எந்த விதியும் கிடையாது. கன்டெய்னர் பார்த்துவிட்டதாலேயே இரு பக்கமும் ஒரே கிளாஸைத்தான் பார்க்கின்றன என்பதும் உறுதி இல்லை. நான்கில் எங்கே அறுந்தாலும் வெளியே வரும் செய்தி பெரும்பாலும் கடைசி எல்லையின் மொழியிலேயே வரும்: பீன் இல்லை. நான்கு நோய்க்கு ஒரே அறிகுறி என்றால், அறிகுறியை வைத்து மருந்து கொடுப்பவர் நான்கில் மூன்று முறை தவறத்தான் செய்வார்.

ஸ்பிரிங் பூட்டில் இது அன்றாடம் நடப்பது. ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷன் என்ற அனோட்டேஷன், அது ஒட்டப்பட்ட கிளாஸ் இருக்கும் பேக்கேஜிலும் அதன் உட்பேக்கேஜ்களிலும் மட்டுமே தேடும். தொடக்க கிளாஸ் 'காம்.கடை.வெப்' பேக்கேஜிலும், பணம் வசூலிக்கும் சர்வீஸ் வேறொரு ஜாரில் 'காம்.கடை.கட்டணம்' பேக்கேஜிலும் இருந்தால், இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்றின் கீழ் மற்றொன்று இல்லை. எனவே தேடல் அங்கே போகாது. கம்பைல் ஆகும், ஜாரும் கிளாஸ்பாத்தில் இருக்கும், பீன் மட்டும் இருக்காது. இதற்குக் கைவைத்தியமாக, தொடக்க கிளாஸின் மேலேயே கம்போனென்ட்ஸ்கேன் அனோட்டேஷனைத் தனியாக எழுதி அதில் கட்டணப் பேக்கேஜைக் குறிப்பிடுவார்கள். நேரடியாக எழுதிய ஸ்கேன், ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷனுக்குள் பொதிந்திருந்த ஸ்கேனை ஓரங்கட்டிவிடும். இப்போது கட்டணம் கிடைக்கும், வெப் பேக்கேஜின் கன்ட்ரோலர்கள் காணாமற்போகும். இரண்டு பேக்கேஜையும் எழுதிச் சரிசெய்தால் அடுத்த அடி ஜேபிஏ-வில் விழும். ரெப்பாசிட்டரிகளையும் என்டிட்டிகளையும் தேடும் வட்டம் கம்போனென்ட் ஸ்கேனைப் பின்பற்றுவதில்லை. தொடக்க கிளாஸின் பேக்கேஜை அது தனியாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு என்டிட்டிஸ்கேன், எனேபிள்ஜேபிஏரெப்பாசிட்டரீஸ் என்று வேறு இரண்டு அனோட்டேஷன்கள். ஒரே கன்டெய்னருக்குள் மூன்று தேடல் வட்டங்கள், மூன்றுக்கும் தனித்தனி ஆரம். இதைத் தெரியாதவர் குற்றம் என்று சொல்வது கடினம்.

அலுத்துப்போனவர்கள் கடைசியில் 'காம்.கடை' என்று வேரிலிருந்தே தேடச் சொல்வார்கள். பிழைச் செய்தி மறையும், அதனால் இதுவே சரியான தீர்வு என்ற பெயரும் பரவும். ஆனால் இனி அந்த முன்னொட்டோடு கிளாஸ்பாத்தில் வரும் எல்லா ஜாரும் உள்ளே வரும். இரவில் மட்டும் ஓட வேண்டிய பேட்ச் மாட்யூலை அதன் ஒரு துணை கிளாஸுக்காகச் சார்பாகச் சேர்த்திருந்தால், அதன் நேரக்குறிப்பு வேலைகள் இணையச் சர்வரிலும் ஓடத் தொடங்கும். வெவ்வேறு பேக்கேஜ்களில் ஒரே சுருக்கப் பெயருள்ள இரண்டு கிளாஸ்கள் இருந்தால் பீன் பெயர்கள் மோதும். கான்ஃபிகரேஷன் கிளாஸ்களில் ஒரே பெயருள்ள பீன்கள் இரண்டு எழுதப்பட்டிருந்தால், முன்பெல்லாம் பின்னது முன்னதைச் சத்தமின்றி மூடிவிடும். 2018-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.1 இதை இயல்பாகத் தடுத்தது. தடையை நீக்கும் அமைப்பு வரியை இணையத்தில் கண்டு ஒட்டிக்கொள்பவர்கள், பழைய மௌனத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். 'பீன் இல்லை' என்பது தொடக்கத்திலேயே நிறுத்திவிடும் நல்ல பிழை. 'வேண்டாத பீன் இருக்கிறது' என்பது வாரங்கள் கழித்துக் கணக்கு இடிக்கும்போது தெரியும் பிழை. தேடலை அகலமாக்குவது முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருகிறது.

ஸ்பிரிங் பூட் தன் சொந்த ஜார்களுக்கு இந்த வழியைப் பின்பற்றவில்லை என்பதே இதற்கு நல்ல சான்று. டேட்டாபேஸ், பாதுகாப்பு, இணையம் என்று அதன் நூற்றுக்கணக்கான உள்ளமைப்புகள் எதுவும் ஸ்கேன் மூலம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு ஜாரும் தன் மெட்டா-இன்ஃப் அடைவில், இந்த கான்ஃபிகரேஷன் கிளாஸ்களைத் தருகிறேன் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. எழுதி வைத்ததிலும் கோளாறு வரலாம்: முன்பு ஸ்பிரிங்.ஃபாக்டரீஸ் என்ற கோப்பில் இருந்த அந்தப் பட்டியல், 2022-இல் 2.7 பதிப்போடு ஆட்டோகான்ஃபிகரேஷன்.இம்போர்ட்ஸ் என்று முடியும் புதிய கோப்புக்கு இடம் மாறியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 3.0, இந்தக் காரியத்துக்குப் பழைய கோப்பைப் படிப்பதை நிறுத்தியது. நிறுவனத்துக்குள் எழுதி வைத்த பொது ஜார்கள் அந்த மேம்படுத்தலில் ஊமையாகிப்போகும். ஆனால் இந்தக் கோளாறுக்கு முகவரி உண்டு: ஒரு கோப்பு, அதன் பெயர், அதன் இடம். ஸ்கேன் தவறியதற்கு அப்படிக் கைகாட்ட எதுவும் இல்லை.

சிடிஐ-யின் கதை இந்த வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதன் முதல் பதிப்பில், ஒரு ஜாருக்குள் பீன்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு இருந்தால்தான் கன்டெய்னர் உள்ளே பார்க்கும். கோப்பு வெறுமையாக இருந்தாலும் போதும். வெற்றுக் கோப்பை வைத்து ஒரு தரநிலையா என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை. மாட்யூல் தானாக முன்வந்து 'என்னுள்ளே பார்' என்று சொன்ன மிகச் சிக்கனமான வடிவம் அது. 2013-இல் ஜாவா இஇ 7-உடன் வந்த 1.1, கோப்பு இல்லாத ஜாரையும் ஏற்றது. ஆனால் அங்கே, ஸ்கோப் போன்ற பீன் வரையறுக்கும் அனோட்டேஷன் உள்ள கிளாஸ்கள் மட்டுமே பீன் ஆகும். 2022-இல் ஜகார்த்தா இஇ 10-உடன் வந்த சிடிஐ 4.0 இன்னும் ஒரு படி போய், வெற்றுக் கோப்பின் பொருளையே மாற்றியது: முன்பு 'எல்லா கிளாஸும்' என்று இருந்தது, இப்போது 'அனோட்டேஷன் உள்ளவை மட்டும்'. நிரல் மாறவில்லை, கோப்பு மாறவில்லை, வெறுமையும் அப்படியே இருக்கிறது. ஸ்கோப் எழுதாத கிளாஸ்கள் மட்டும் பீன் என்ற தகுதியை இழந்தன. கோப்பில் 'ஆல்' என்றோ 'அனோட்டேட்டட்' என்றோ தேடல் முறையை எழுத்தால் எழுதியிருந்தவர்களை இந்த மாற்றம் தொடவே இல்லை. எழுதாத எல்லை யாரோ ஒருவரின் கூட்டத்தில் நகர்ந்துவிடக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அதே கோப்பு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. சிடிஐ 1.0-இல் மாற்றுச் செயலாக்கங்களையும் இன்டர்செப்டர்களையும் பீன்ஸ்.எக்ஸ்எம்எல்லில் இயக்கினால், அந்தக் கோப்பு இருக்கும் ஜாருக்கு மட்டுமே அது செல்லும். வார் கோப்பின் பட்டியலில் ஒரு மாற்றுச் செயலாக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் உள்ளே லைப்ரரியாக வரும் ஜாரில் இருக்கும் இன்ஜெக்ஷன் இடம் பழைய செயலாக்கத்தையே பெறும். பயன்பாட்டை எழுதியவர் தேர்ந்துவிட்டேன் என்று நினைப்பார், கன்டெய்னரோ அவர் வீட்டுக்கு மட்டும் தேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ளும். 1.1-இல் பிரையாரிட்டி அனோட்டேஷன் மூலம் பயன்பாடு முழுவதற்கும் இயக்க வழி செய்யப்பட்டது. எல்லையை எழுதி வை என்ற என் வாதத்துக்கு இது எதிர்ச் சான்றாகத் தோன்றலாம். ஒவ்வொரு வாசலிலும் எழுதியும் கோளாறு வந்ததே என்று கேட்கலாம். வந்தது, ஏனென்றால் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் ஒரே இடத்தில் எழுதப்பட்டன. 'இதைத் தருகிறேன்' என்பது மாட்யூல் சொல்ல வேண்டியது. 'தரப்பட்டவற்றில் இதை எடுத்துக்கொள்கிறேன்' என்பது அனைத்தையும் சேர்த்துக் கட்டும் தொகுப்பு மாட்யூல் சொல்ல வேண்டியது. ஸ்பிரிங்கில் ஒரு லைப்ரரி ஜார் தன் பீனின் மேல் பிரைமரி என்று ஒட்டுவதும் இதே குழப்பம்தான்: தருபவரே தேர்வையும் செய்துவிடுகிறார். இன்னொரு ஜாரும் அதையே செய்தால் இரண்டு பிரைமரிகள் மோதும், இரண்டு குழுக்களும் மற்றவரைக் கைகாட்டும்.

இதுவரை சொன்னவை தேடல் வட்டத்தின் கோளாறுகள். கிளாஸ்லோடர் எல்லையில் வருவது வேறு ரகம், ஆளைப் பைத்தியமாக்கும் ரகம். ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு கிளாஸின் அடையாளம் பெயர் மட்டும் இல்லை. பெயரும் அதை வரையறுத்த லோடரும் சேர்ந்ததே அடையாளம். ஷெங் லியாங், கிலாட் பிராக்கா இருவரும் 1998-இல் எழுதிய ஆய்வுரை இந்த விதியின் காரணத்தையும், அதை மீறினால் வகைப் பாதுகாப்பு எப்படி உடையும் என்பதையும் விளக்கியது. விதி சரியானது, விளைவு மட்டும் வினோதமானது. இஏஆர் தொகுப்பின் பொது லைப்ரரி அடைவில் ஒரு ஜாரும், அதே தொகுப்புக்குள் இருக்கும் வார் கோப்பில் அதே ஜாரின் இன்னொரு பிரதியும் இருந்தால், ஒரே இன்டர்ஃபேஸ் இரண்டு வகைகளாகிவிடும். பீன் ஒன்றைச் செயல்படுத்துகிறது, இன்ஜெக்ஷன் இடம் மற்றொன்றைக் கேட்கிறது. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க, கன்டெய்னர் இல்லை என்கிறது. வேறு சில நேரங்களில் ஒரு கிளாஸை அதே பெயருள்ள கிளாஸாக மாற்ற முடியாது என்ற கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வரும். புதிய ஜாவா பதிப்புகள் அந்தச் செய்தியிலேயே இரண்டு லோடர்களின் பெயரையும் அச்சிடுகின்றன. இத்தனை ஆண்டுகளில் ஜாவா செய்த சின்னச் சின்ன உதவிகளில் அதிகம் பேசப்படாதது இது.

ஜாரின் இந்த இரண்டாம் பிரதி பெரும்பாலும் மேலே சொன்ன அதே மழுப்பலான பிழைச் செய்தியின் குழந்தை. இஏஆர் அமைப்பில் பொது லைப்ரரியை எல்லாரும் பார்க்கலாம். வார் கோப்புக்குள் இருப்பதை லைப்ரரியோ இஜேபி ஜாரோ பார்க்க முடியாது. லைப்ரரியில் இன்ஜெக்ஷன் இடமும் வார் கோப்பில் செயலாக்கமும் இருந்தால், எத்தனை அனோட்டேஷன் ஒட்டினாலும் கிடைக்கப் போவதில்லை; கேட்பவருக்குக் கீழே பார்க்கும் கண் கிடையாது. செய்தி இதைச் சொல்லாததால், இரண்டு பக்கமும் இருந்தால் சரியாகிவிடும் என்று ஜாரை இரண்டு இடத்திலும் வைக்கிறார்கள். ஒரு எல்லைக் கோளாறு இன்னொரு எல்லைக் கோளாறாகப் பெயர் மாற்றிக்கொள்கிறது. ஜாவாஎக்ஸ் ஜகார்த்தாவாக மாறியதும் இதே வகை அடையாளச் சிக்கலே. ஆரக்கிள் 2017-இல் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தபின், 2020 டிசம்பரில் ஜகார்த்தா இஇ 9 எல்லாப் பேக்கேஜ் பெயர்களையும் மாற்றியது. பத்து மாட்யூல்களில் ஒன்பதை மாற்றி ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்றில் இருக்கும் பழைய இன்ஜெக்ட் அனோட்டேஷன் புதிய சிடிஐ கன்டெய்னருக்கு வெறும் அலங்காரம். பிழையே வராது, ஃபீல்டு நல் ஆக நிற்கும், வேறெங்கோ ஒரு நல்பாயிண்டர்எக்செப்ஷன் வெடிக்கும். ஸ்பிரிங் 6 இடைக்கால ஏற்பாடாகப் பழைய இன்ஜெக்டையும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கருணையால் சில பயன்பாடுகள் பாதி மாறிய நிலையிலேயே நிம்மதியாக ஓடின.

ஜாவா 9-இன் மாட்யூல் அமைப்பு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. ஜேஎஸ்ஆர் 376 என்ற அந்த முன்மொழிவு 2017 மே மாதம் பொது மதிப்பீட்டு வாக்கெடுப்பில் 13-க்கு 10 என்று தோற்றது, திருத்தத்துக்குப் பின் நிறைவேறி, செப்டம்பரில் வெளிவந்தது. இன்ஜெக்ஷனுக்கு அது வைத்த சோதனை எளிதானது: எக்ஸ்போர்ட்ஸ் என்று எழுதினால் பொது கிளாஸ்களை வெளியார் பயன்படுத்தலாம், பிரைவேட் ஃபீல்டுக்குள் ரிஃப்லெக்ஷன் மூலம் கை நுழைக்க ஓபன்ஸ் என்று தனியாக எழுத வேண்டும். பீனை உருவாக்கும் கன்டெய்னருக்குப் பெரும்பாலும் இரண்டாவது தேவை. எழுதாவிட்டால் வருவது இன்ஆக்சஸிபிள்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன். எந்த மாட்யூல் எந்தப் பேக்கேஜை எந்த மாட்யூலுக்குத் திறக்கவில்லை என்று அது பெயர் சொல்லிப் புகார் செய்யும். எழுதப்பட்ட எல்லை உடையும்போது செய்தியும் தெளிவாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாவாவின் சொந்த உட்பகுதிகளுக்கு இந்த எல்லை நெடுநாள் தளர்வாக இருந்தது. 2021-இல் வந்த 16 அதை இயல்பாக இறுக்கியது, அதே ஆண்டின் 17 தளர்த்தும் பொது ஆப்ஷனையும் எடுத்துவிட்டது. ஒரு பேக்கேஜ் இரண்டு மாட்யூல்களில் பிரிந்து கிடப்பதையும் இந்த அமைப்பு அனுமதிக்காது. கிளாஸ்பாத்தில் ஓடும்வரை யாருக்கும் உறுத்தாத அந்தப் பழக்கம், மாட்யூல்பாத்துக்கு மாறும் நாளில் தொடக்கப் பிழையாக எழுந்து நிற்கும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். ஓடும்போது தேடுவதுதானே சிக்கல், கம்பைல் நேரத்திலேயே எல்லாவற்றையும் பொருத்திவிட்டால் எல்லை பற்றிய கவலை எதற்கு? கூகுளின் டேகர் 2, மைக்ரோநாட், குவார்கஸ் மூன்றும் ஏதோ ஒரு அளவில் இதைச் செய்கின்றன. லாபம் உண்மையானது: பிழை வாடிக்கையாளரின் சர்வரில் வராமல் டெவலப்பரின் திரையில் வருகிறது. ஆனால் எல்லைக் கோளாறு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. மைக்ரோநாட்டில் அனோட்டேஷன் பிராசசர் ஒவ்வொரு மாட்யூலிலும் தனியாக ஓட வேண்டும். ஒரு மாட்யூலின் பில்டு கோப்பில் அதைச் சேர்க்க மறந்தால், அனோட்டேஷன்கள் அனைத்தும் இருந்தும் அந்த மாட்யூலிலிருந்து ஒரு பீன்கூட வராது. குவார்கஸ், சார்பு ஜாரில் பீன்ஸ்.எக்ஸ்எம்எல்லோ ஜாண்டெக்ஸ் என்ற குறிப்பட்டவணையோ இல்லாவிட்டால், அமைப்புக் கோப்பில் அதைக் குறியிடச் சொல்லாதவரை, உள்ளே பார்க்காது. போதாக்குறைக்கு யாரும் கேட்காத பீன்களை நீக்கியும் விடும். டேகரில் முழு வரைபடத்தையும் ஒரே இடத்தில் கட்ட வேண்டியிருப்பதால், கிரேடிலில் இம்ப்ளிமென்டேஷன் என்று மறைத்த சார்புகளின் கிளாஸ்கள் தொகுப்பு மாட்யூலின் கண்ணுக்குத் தெரியாமல் பில்டு முறியும். ஆண்ட்ராய்டின் ஹில்ட்டில் இதற்கென்றே ஒருங்கிணைக்கும் தனி ஏற்பாடு உண்டு. மூன்றிலும் மருந்து ஒன்றே: மாட்யூல் தான் தருவதை ஏதோ ஒரு வடிவில் தன்னோடு எடுத்து வர வேண்டும்.

அப்படியானால் எக்ஸ்எம்எல் காலத்துக்கே திரும்பிப் போகச் சொல்கிறீர்களா என்பது அடுத்த மறுப்பு. இல்லை. அன்றைய பாரம், ஒவ்வொரு கிளாஸையும் எழுதியதால் வந்தது. எல்லையில் மட்டும் எழுதினால் அறிவிப்புகள் கிளாஸ்களின் எண்ணிக்கையில் வளராமல் மாட்யூல்களின் எண்ணிக்கையில் வளரும். ஸ்பிரிங்கில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் வெளியே தெரியும்படி ஒரே ஒரு கான்ஃபிகரேஷன் கிளாஸ் போதும். அதன் உள்ளே தன் பேக்கேஜை மட்டும் ஸ்கேன் செய்துகொள்ளட்டும், தன் ரெப்பாசிட்டரிகளையும் என்டிட்டிகளையும் அதுவே அறிவிக்கட்டும். தொகுப்பு மாட்யூல் அந்த கிளாஸை இம்போர்ட் அனோட்டேஷனில் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளட்டும். பெயரைச் சொல்லியே ஆக வேண்டியிருப்பதால், ஜார் இல்லாவிட்டால் கம்பைலரே கத்தும். மூன்று ஆரங்களின் தலைவலியும் அந்தந்த மாட்யூலுக்குள் அடங்கிவிடும். பல மாட்யூல்கள் எதற்கு, ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களின் வாதத்திலும் பாதி உண்மை உண்டு. வெளியீட்டுத் தேவையோ குழுப் பிரிவோ இல்லாமல் அழகுக்காக வெட்டிய மாட்யூல்கள் ஏராளம். 2023-இல் 1.0 கண்ட ஸ்பிரிங் மாடியுலித், ஒரே ஜாருக்குள் பேக்கேஜ் அளவில் எல்லையை வைத்து டெஸ்ட்டில் சரிபார்க்கிறது. பலருக்கு அதுவே போதும். ஆனால் அதுவும் எல்லையை எழுதச் சொல்கிறது.

கோளாறு வந்துவிட்ட பின் தேடும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது: கன்டெய்னரிடம் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளி, கீழ் எல்லையிலிருந்து மேலே வர வேண்டும். முதலில், ஓடும் பொதியில் அந்த ஜார் உண்மையாகவே இருக்கிறதா என்று பொதியைத் திறந்தே பார்ப்பது நல்லது. ஐடிஇ-யின் கிளாஸ்பாத் பொய் சொல்லும். டெஸ்ட் ஸ்கோப்பில் சேர்த்த சார்பு ஐடிஇ-யில் ஓடிச் சர்வரில் விழுவது சாதாரணம். லைப்ரரி மாட்யூலிலும் ஸ்பிரிங் பூட்டின் மறுபொதிச் செருகியை இயக்கிவிட்டால், அதன் கிளாஸ்கள் பூட்-இன்ஃப் என்ற உள்ளடைவுக்குப் போய்விடும். ஜார் இருக்கும், அதைச் சார்ந்தவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. அடுத்தது பதிப்பு. ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் மோதினால் மேவன் சார்பு மரத்தில் அருகில் இருப்பதை எடுக்கும், கிரேடில் இயல்பாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். ஒரே திட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வேறு ஜார் வந்து சேரும். பிறகு அடையாளம்: ஜாவா 9 முதல் உள்ள எக்ஸ்லாக் ஆப்ஷனில் கிளாஸ்-லோடு பதிவைத் திறந்தால் ஒவ்வொரு கிளாஸும் எந்தக் கோப்பிலிருந்து ஏறியது என்று தெரியும். ஒரே பெயர் இருமுறை ஏறியிருந்தால் அத்தோடு விசாரணை முடிந்தது. இவை எல்லாம் தேறிய பிறகே தேடல் வட்டம், அதன் பிறகு நிபந்தனைகள், குவாலிஃபையர்கள். டீபக் கொடியோடு ஸ்பிரிங் பூட்டை ஓட்டினால் எந்த ஆட்டோகான்ஃபிகரேஷன் எந்த நிபந்தனையில் தோற்றது என்று நீண்ட அறிக்கை தரும். அந்த அறிக்கையில் பெயரே இல்லாத கிளாஸ், தோற்றதல்ல, பரிசீலனைக்கே வராதது. இந்த வேறுபாட்டைக் கண்டால் பாதி வேலை மிச்சம்.

மாட்யூலின் சொந்த டெஸ்ட்டுகள் ஏன் இதைப் பிடிப்பதில்லை என்பதும் இப்போது விளங்கும். அந்த டெஸ்ட்டில் தேடலின் வேர் அந்த மாட்யூலின் பேக்கேஜிலேயே இருக்கிறது, லோடரும் ஒன்றுதான். சோதிக்க எல்லையே இல்லை. எல்லையைச் சோதிக்கும் டெஸ்ட் தொகுப்பு மாட்யூலில்தான் இருக்க முடியும்: கன்டெய்னரை முழுதாக ஏற்றி இறக்கும் ஒரே ஒரு டெஸ்ட். மெதுவாக ஓடும் என்று அதைத் தவிர்ப்பவர்கள், அந்த வேலையை வெளியீட்டு நாளுக்கு ஒத்திவைக்கிறார்கள். இன்டர்ஃபேஸ் எங்கே இருக்க வேண்டும் என்ற பழைய சச்சரவும் இங்கே சுலபமாகிறது: கேட்பவரின் மாட்யூலிலோ இருவருக்கும் பொதுவான சிறு மாட்யூலிலோ இருக்கட்டும், செயலாக்கம் அதைச் சார்ந்திருக்கட்டும், இரண்டையும் அறிந்தது தொகுப்பு மாட்யூல் மட்டுமாக இருக்கட்டும். மேவன் வட்டச் சார்பை ஏற்காது என்பதால் இரு மாட்யூல்களும் ஒன்றையொன்று சார்ந்துவிட்டால் அதுவே முதலில் மறுத்துவிடும். நம் கையில் இல்லாத மூன்றாம் தரப்பு ஜாரில் எப்படி எழுதி வைப்பது என்று கேட்டால், அதை ஸ்கேன் செய்யவே வேண்டாம். சிடிஐ-யில் ஒரு புரொட்யூசர், ஸ்பிரிங்கில் ஒரு பீன் மெத்தட், அவ்வளவே. அந்நியப் பொருளை நம் வாசலில் நாமே அறிவித்துவிடுகிறோம்.

இந்த வாதம் எட்டாத ஒரு பகுதியும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூல்கள் வந்து போகும் பயன்பாடுகளில் இது பாதி வழிதான் வரும். 1999-இல் தொடங்கிய ஓஎஸ்ஜிஐ அந்த உலகத்துக்காக எழுதப்பட்டது: ஒரு பண்டில் தான் தரும் சர்வீஸைப் பதிவு செய்யும், நீங்கும்போது எடுத்துக்கொள்ளும், டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் முறையில் தேவை நிறைவேறும்போது கம்போனென்ட் விழிக்கும், தேவை போனால் உறங்கும். அங்கே 'இல்லை' என்பதற்கு 'இன்னும் வரவில்லை' என்ற பொருளும் உண்டு. ஸ்பிரிங்கும் சிடிஐ-யும் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்து முடிவு கட்டுபவை, அந்த இரண்டாவது பொருள் அவற்றுக்குத் தெரியாது. சிடிஐ-யின் இன்ஸ்டன்ஸ் வகை பீனைத் தேவைப்படும்போது கேட்டு வாங்க உதவும் என்றாலும், தொடக்கத்தில் கண்டவற்றுக்குள்தான் அதுவும் தேடும். செருகுநிரல்களை ஏற்கும் பயன்பாட்டில் அவற்றை நேரடியாக இன்ஜெக்ட் செய்ய முயலாமல், ஓஎஸ்ஜிஐ பதிவேட்டையோ, மாட்யூல்லேயர் ஒன்றின் மேல் ஓடும் சர்வீஸ்லோடரையோ சுற்றிய ஒரு சிறு கிளாஸை மட்டும் இன்ஜெக்ட் செய்து, பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதனிடம் புதிதாகக் கேட்பதே சரிப்படும்; கிடைத்த பொருளை ஃபீல்டில் வைத்துக்கொண்டால், நீக்கப்பட்ட செருகுநிரலின் லோடர் நினைவகத்தை விட்டு இறங்காது.